ஐந்தாம் நிலை அண்ணன்

அனுபவப் புள்ளிக் கழகத்தில் சேர்வதற்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக் தன் வாழ்நாளில் ஒரு எலியைக்கூடக் கொன்றதில்லை. லிஃப்ட் குழியின் அடியில் செத்துக் கிடக்கும் எலிகளை எடுத்து வெளியே போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதெல்லாம் அனுபவத்தில் சேராது என்று பிற்பாடு கழகம் அவருக்குத் தெளிவுபடுத்தியது.

கழகம் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஏறிப் போனால் ஒரு பெரிய கூடம், கூடம் நிறைய மேசைகள். ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு கற்பனை வேஷம்: ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். ஆட்ட நடத்துநர் என்று ஒருவர் மேசைத் தலைப்பில் உட்கார்ந்து கதையைச் சொல்லிக்கொண்டே போவார். "எதிரே ஒரு பூதம் வருது, என்ன செய்வீங்க?" என்பார். "வெட்டுவேன்" என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். பகடை கைகொடுத்தால் பூதம் சாகும். பூதம் செத்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும், புள்ளி சேர்ந்தால் நிலை உயரும். மற்ற ஊர்களில் இதைச் சிரித்துப் பேசிக்கொண்டே ஆடுகிறார்களாம். இந்தக் கழகத்தில் சிரிப்பதற்கு மூன்றாம் நிலை வேண்டும்.

மெக்கானிக்குக்குப் பூதத்தோடு எந்தப் பகையும் இல்லை. அவருக்கு வேலை தம்பியிடம்தான்.

அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா அவரைவிடக் கண்டிப்பு. "சின்னவன் வந்து என் பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசட்டும். அதுக்கப்புறம் எங்க வேணா கொண்டு போய் அறுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சின்னவன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் நாலு பேர் வந்திருந்த நேரத்தில், தான் ஏழாம் நிலைக்கு உயர்ந்துவிட்டதாக அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். "பகடை உருட்டறதுக்கெல்லாமாடா பதவி உயர்வு?" என்று மெக்கானிக் வாய் தவறிக் கேட்டுவிட்டார். அம்மா சிரித்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன், அதோடு சரி. போன் செய்தால் எடுப்பதில்லை. அவன் வீட்டுக்குப் போனால் தம்பி மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் எப்பவும் கழகத்துலதான் இருக்கார். இங்க தூங்க மட்டும்தான் வர்றார், அதுவும் சில நாள்" என்று அலுத்துக்கொண்டார்.

கழகத்து மாடிப்படியில் காத்திருந்து மெக்கானிக் ஒரு நாள் அவனைப் பிடித்தேவிட்டார். தம்பி மேலிருந்து இறங்கி வந்தான். சட்டையில் ஏழு வெள்ளி நட்சத்திரம்.

"தம்பி, ஒரு நிமிஷம் நில்லுடா."

தம்பி நின்றான். அவரைப் பார்க்கவில்லை, அவர் சட்டைப் பையைப் பார்த்தான். "என்ன நிலை?"

"டேய், நான் உன் அண்ணன்டா."

"அது நிலை இல்ல. அஞ்சாம் நிலைக்குக் கீழ இருக்கறவங்க ஏழாம் நிலைகிட்ட நேரடியா பேசக் கூடாது. முறையா ஏறி வாங்க" என்றான். அண்ணனை வாழ்நாளில் முதல்முறையாக 'வாங்க' போட்டுப் பேசிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாளே மெக்கானிக் கழகத்தில் சேர்ந்தார். அம்மாவிடம், "அஞ்சு படிதாம்மா. ஏறிடறேன்" என்றார். நாள் முழுக்க ஜனங்களை மாடிக்கு மாடி ஏற்றி இறக்கும் யந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அஞ்சு படி பெரிதாகத் தெரியவில்லை.

செயலாளர் அவரை உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். செயலாளருக்குப் பகலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் தபாலுக்கு முத்திரை குத்தும் உத்தியோகம். அங்கே அவர் பேச்சை மின்விசிறிகூடக் கேட்பதில்லை. அந்தக் குறையெல்லாம் தீர இங்கே பேசினார்.

"எதிரியைக் கொன்னா புள்ளி. எதிரி எவ்வளவு பெரிய நிலையோ அவ்வளவு புள்ளி. சக ஆட்டக்காரரைக் கொன்னாலும் புள்ளி உண்டு, ஆனா அஞ்சாம் நிலைக்குக் கீழ இருக்கறவங்களைக் கொன்னா கிடையாது. புதுசா வர்றவங்க மேல எங்களுக்கு அவ்வளவு அக்கறை. ஆட்டத்துல செத்துட்டீங்கன்னா உங்க நிலை போயிடும், மறுபடி ஒண்ணுலேர்ந்துதான். என்ன வேஷம் போடறீங்க?"

கழகம் கல்நெஞ்சக் கூட்டம் என்று நினைத்து வந்தவருக்கு அந்த அக்கறை பிடித்துப்போயிற்று. "வைத்தியர்" என்றார். அம்மாவின் ஞாபகம்.

செயலாளர் ஒரு நிமிஷம் அவரை உற்றுப் பார்த்தார். "ஏற்கெனவே ஏதாவது வியாதி உண்டா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முதல் ஆட்டத்தில் ஒரு பாலம் வந்தது. பாலத்தை மறித்துக்கொண்டு கொள்ளைக்காரர்கள் நின்றார்கள். மேசையிலிருந்த மற்றவர்கள் பகடையைக் கையில் எடுத்துவிட்டார்கள். மெக்கானிக், "ஏம்ப்பா, எதுக்கு இப்படி வழியில நிக்கறீங்க? வீட்டுல என்ன கஷ்டம்?" என்று கொள்ளைக்காரர் தலைவனை விசாரித்தார். இந்தக் கேள்வியை அந்தக் கழகத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆட்ட நடத்துநர் தடுமாறிப் போய், தலைவனின் மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தார். வைத்தியர் மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. கொள்ளைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள். எல்லோரும் ஒரு கீறல்கூட இல்லாமல் பாலத்தைக் கடந்தார்கள்.

யாருக்கும் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. மேசையே கொதித்தது. பேக்கரிக்காரர் என்று ஒருவர், பல காலமாக இரண்டாம் நிலைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாகவே நின்றுகொண்டிருப்பவர், அழுதேவிட்டார். செயலாளரைக் கூப்பிட்டார்கள்.

"சார், எல்லாரும் உயிரோட வந்தோமே" என்றார் மெக்கானிக்.

"அதுதான் பிரச்சினை" என்றார் செயலாளர். "உயிரோட வர்றது எல்லா ஜீவனும் பண்றதுதானே? இதுக்குப் புள்ளி கொடுத்தா ஆட்டு மந்தைக்கும் கொடுக்கணும். கொல்லாம அனுபவம் எங்கேர்ந்து வரும்? நீங்களே சொல்லுங்க, நான் இந்தப் பதவிக்கு எப்படி வந்தேன்னு நினைக்கறீங்க? யார்கிட்டயாவது காய்ச்சல் விசாரிச்சா?"

அடுத்த ஆட்டத்தில் ஒரு கரடி பேக்கரிக்காரரின் கையைக் கவ்விக்கொண்டு போயிற்று. மெக்கானிக் கரடியின் பின்னால் ஓடி, கையை மீட்டு, பகடை உருட்டி, ஒட்டவைத்தார். இதற்காவது புள்ளி உண்டா என்று மெல்லக் கேட்டார். "கை போனது அவருக்கு. வலிச்சது அவருக்கு. அனுபவம் மட்டும் உங்களுக்கா?" என்று செயலாளர் கேட்டபோது சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். புள்ளி பேக்கரிக்காரருக்குப் போயிற்று. மிச்சப் புள்ளியைக் கரடிக்கே கொடுக்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்து, கரடி சந்தா கட்டாததால் கைவிடப்பட்டது.

மெக்கானிக் வழிக்கு வந்தார். கழகத்தின் கற்பனைச் சாக்கடையில் புதியவர்களுக்கென்றே எலிகள் விட்டுவைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் கையில் கிரீஸ் பிசுக்கோடு வந்து உட்கார்ந்து வைத்தியர் எலி அடித்தார். வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பார்.

"இன்னிக்கு என்னடா பண்ணே?"

"எலி அடிச்சேம்மா."

"சின்னவன் பாத்தானா?"

"அவன் வேற மேசைம்மா. சன்னல் பக்கம். அங்க எலியெல்லாம் வராது."

அம்மாவுக்குக் குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் போன் செய்து, என்ன விளையாடுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல மெக்கானிக்குக்கு நாக்கு எழவில்லை.

எலிகளால் ஒருவழியாகப் புள்ளி நிறைந்தது. நிறைந்தால் நிலை உயர்ந்துவிடும் என்று நம்பியது அவருடைய அறியாமை. உயர்வு விழா நடக்க வேண்டும். விழாவுக்குத் தலைவர் வர வேண்டும். விழா நடக்கும்வரை ஒருவர் 'உயரவிருப்பவர்'. அந்த இடைக்காலத்தில் சம்பாதிக்கும் புள்ளிகள் காற்றோடு போகும். ஆனால் ஆட வராமல் இருந்தாலோ, ஆர்வமின்மை என்று இருக்கும் புள்ளியும் போகும். எனவே உயரவிருப்பவர்கள் எல்லோரும் தினமும் வந்து வீணாக எலி அடித்தார்கள்.

பேக்கரிக்காரரும் உயரவிருப்பவர்களில் ஒருவர். ஒரு சாயங்காலம், பகடையை உருட்டக் கையை ஓங்கியவர் அப்படியே மேசைமேல் சாய்ந்தார். ஆட்ட நடத்துநர், "பகடை கீழ விழல, உருட்டினதா கணக்கு இல்ல" என்றார். மெக்கானிக் புரட்டிப் பார்த்து, நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி, என்னென்னவோ செய்தார். மனிதர் நிஜமாகவே போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் மனைவி வந்தார். புருஷன் கடைசிவரை அந்த இரண்டாம் நிலைக்காகத்தான் ஏங்கினார், போன பிறகாவது கொடுங்கள் என்று கேட்டார். செயற்குழு உடனே கூடியது. இரக்கமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள்.

"சாவு பெரிய அனுபவம். அதை நாங்க மறுக்கல" என்றார் செயலாளர். "ஆனா அனுபவம்னா அதுலேர்ந்து திரும்பி வரணும் இல்லீங்களா? அவர் வந்து சொன்னா நாங்க பரிசீலிப்போம். அப்புறம், கொஞ்சம் சங்கடமான விஷயம். அன்னிக்கு அவர் ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டார். அதுக்குத் தண்டனைப் புள்ளி உண்டு. உங்களுக்காக அதைப் பெரிசு பண்ணாம விடறோம்."

அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக் எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சன்னல் மேசையில் தம்பியின் முதுகு தெரிந்தது. சின்ன வயதில் அந்த முதுகில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டவர் அவர்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் ஒருவழியாக உயர்வு விழாவுக்கு வந்தார். தலைவர் பத்தாம் நிலை. அதற்கு மேல் நிலை கிடையாது. பத்தாம் நிலைக்கு வந்த நாளிலிருந்து அவர் ஆட்டத்தில் உட்காரவே இல்லை, செத்துவிட்டால் நிலை போய்விடும் என்பதற்காக. உயரவிருப்பவர்களை முக்காலிமேல் ஏற்றி, ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் ஒரு பகடையை வைத்துவிட்டுப் பேசினார். இறங்குவதற்குள் பகடை விழுந்தால் அந்த ஆள் உயரவில்லை என்று அர்த்தம்.

"இளைஞர்களே" என்றார் தலைவர், பெரும்பாலும் வழுக்கைத் தலைகளைப் பார்த்து. "நான் பகடையைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆட்டமே மறந்துபோச்சு. ஆனா என் நிலை குறைஞ்சுதா? இல்ல. இதுலேர்ந்து என்ன தெரியுது? ஆடறவன் விழுவான். உக்காந்திருக்கறவன் விழமாட்டான். நீங்களும் சீக்கிரமா உயர்ந்து, எதுவும் செய்யாத நிலைக்கு வரணும்னு வாழ்த்தறேன்."

கைதட்டலில் இரண்டு பேர் பகடை விழுந்தது. மெக்கானிக்கின் பகடை கிரீஸ் ஒட்டிய முடியில் பதிந்து நின்றதால் அவர் இரண்டாம் நிலை ஆனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். அடுத்த விழாவுக்காக அவர் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. எலிக்குப் பதில் காட்டுப் பன்றி கொடுத்தார்கள். பன்றிக்குப் பிறகு காலொடிந்த ஒரு பூதத்தைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள், தலையில் தட்டினால் போதும். மூன்றாம் நிலை வந்தது. சிரிக்க அனுமதி கிடைத்தது, சிரிக்கத்தான் ஒன்றும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் நான்காம் நிலையும் வந்தது. பல காலமாக முக்காலிப் பக்கமே போகாதவர்கள் பொருமினார்கள்.

மெக்கானிக் செயலாளரை ஓரமாக அழைத்துக் கேட்டார். "சார், எனக்கு மட்டும் எப்படி சார் இதெல்லாம்?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். ஒவ்வொரு குழுக் கூட்டத்துலயும் ஒருத்தர் எழுந்து நின்னு உங்களுக்காக வாதாடறார். 'அவரைச் சீக்கிரம் அஞ்சுக்குக் கொண்டு வாங்க, என் மேசையில உக்கார வைங்க'ன்னு கெஞ்சாத குறை. உங்க தம்பிதான்."

மெக்கானிக் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, பெயின்ட் வாசனைக்கு நடுவே கொஞ்ச நேரம் அழுதார். வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையணையில் சாய்ந்தபடியே, "எனக்குத் தெரியும்டா. மேலுக்குத்தான் முறுக்கு. உள்ளுக்குள்ள அவன் பச்சைக் குழந்தை" என்றார். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. அன்றைக்கு அம்மா முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்ததால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நிலை விழா முடிந்த கையோடு அவரைச் சன்னல் மேசைக்கு அழைத்துப் போனார்கள். தம்பி எழுந்து நின்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வா அண்ணா. உக்காரு" என்றான். "அஞ்சு ஆயிடுச்சு இல்ல? நட்சத்திரத்தை ஒழுங்கா குத்தியிருக்காங்களா, காட்டு." குனிந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

மெக்கானிக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. "டேய், அம்மாவுக்கு..."

ஆட்ட நடத்துநர் மேசையைத் தட்டினார். "வெளியுலகப் பேச்சு. இன்னொரு தடவை பேசினா ஒரு நிலை குறைப்பு."

"ஆட்டம் முடியட்டும் அண்ணா. அப்புறம் எவ்வளவு நேரம் வேணா பேசலாம்" என்றான் தம்பி. அவ்வளவு அன்பாக அவன் பேசிக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. ஒரு குகை. குகைக்குள் ஒரு பெரிய நாகம். தம்பியின் வாள்வீரன் முன்னால் போய் நாகத்தை வெட்டிச் சாய்த்தான். ஆனால் விஷம் ஏறி, உயிர் போகும் தறுவாயில் கீழே விழுந்தான். வைத்தியர் ஓடினார். ஒரு வைத்தியரிடம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சக்தி என்று விதி உண்டு. தனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்வார்கள். மெக்கானிக் துளியும் வைத்துக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் கொடுக்கறேன்" என்றார். பகடையை இரண்டு கையாலும் பொத்தி, ஊதி, உருட்டினார். நல்ல எண் விழுந்தது.

"வீரன் முழுசா குணமாயிட்டான். எழுந்து உக்காந்துட்டான். வைத்தியர் சக்தியெல்லாம் போய்ச் சோர்ந்து பக்கத்துல உக்காந்திருக்கார்" என்றார் ஆட்ட நடத்துநர். "வீரன் என்ன செய்யறான்?"

"வைத்தியரைக் குத்தறேன்" என்றான் தம்பி.

மெக்கானிக் சிரித்தார். சிரிப்பதற்குத்தான் அவருக்கு இப்போது அனுமதி இருந்ததே. தம்பி பகடையை எடுத்து உருட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. சோர்ந்து உட்கார்ந்திருப்பவரைக் குத்தப் பெரிய எண் எதுவும் தேவைப்படவில்லை.

"வைத்தியர் இறந்தார்" என்று ஆட்ட நடத்துநர் அறிவித்தார். "ஐந்தாம் நிலை சக ஆட்டக்காரர், முழுப் புள்ளி. அதோட சொந்த ரத்தம்னா இரட்டிப்பு."

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. தம்பி எட்டாம் நிலைக்கு உயர்ந்துவிட்டான். தலைவர் அன்றைக்கு அங்கேயே இருந்ததால் விழாவும் அங்கேயே நடந்தது. முக்காலியில் ஏறி, தலையில் பகடை ஆடாமல் அசையாமல் நின்று தம்பி பேசினான்.

"ரொம்ப நாளா ஏழுலயே மாட்டிக்கிட்டிருந்தேன். பூதங்க கொடுக்கற புள்ளி பத்தல. அப்பதான் எங்க அண்ணன் சேர்ந்தார். நாலாம் நிலை வரைக்கும் அவரால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. அவரை அஞ்சுக்குக் கொண்டு வர நான் பட்ட பாடு இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். குழுவுக்கு நன்றி. முக்கியமா எங்க அண்ணனுக்கு நன்றி. அவர் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு இந்த இடத்துல நான் நின்னிருக்க முடியாது."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரத்தபாசம் என்பது இதுதான் என்றார்.

செயலாளர் வந்து மெக்கானிக்கின் சட்டையிலிருந்து நட்சத்திரங்களைக் கழற்றினார். துணி கிழியாமல் பக்குவமாகத்தான் கழற்றினார். மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்து முக்காலிப் பக்கம் போனார். தம்பி இறங்கிக்கொண்டிருந்தான்.

"ஆட்டம் முடிஞ்சுதேடா. இப்பப் பேசலாம்ல? அம்மா..."

தம்பி அவருடைய சட்டைப் பையைப் பார்த்தான். ஊசி குத்திய ஓட்டைகள் தெரிந்தன. செயலாளர் பக்கம் திரும்பினான்.

"சார், சார்" என்று செயலாளர் குறுக்கே வந்தார். "அவர் எட்டாம் நிலை. நீங்க இப்ப மறுபடி ஒண்ணாம் நிலை. எதுவானாலும் முறையா ஏறி வாங்க. எலியெல்லாம் தயாராத்தான் இருக்கு."

மெக்கானிக் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். கோபம் வரவில்லை. அவமானம்தான் வந்தது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டபோது தனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைக்க நினைக்கத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. பெயின்ட் கடைக்காரர், என்ன சார் உயர்ந்தாச்சா என்று கேட்டார். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

அம்மா இரண்டு தலையணையை அடுக்கி, அதில் சாய்ந்து, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பை கட்டில் பக்கத்தில் தயாராக இருந்தது.

"அவன் மேசையில உக்காந்தியா?"

"உக்காந்தேம்மா."

"பேசினானா?"

மெக்கானிக் செருப்பைக் கழற்றினார். "பேசினான்."

"என்னடா சொன்னான்?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், பிடிக்க அதிகம் மூச்சும் இல்லை.

"நன்றின்னு சொன்னாம்மா. எல்லார் முன்னாடியும்."

அம்மா அப்படியே தலையணையில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் வழிந்தது. "நன்றின்னு சொல்ற அளவுக்கு மனசு இளகிடுச்சா? இனிமே அவனே தானா வருவான், பாரு" என்றார். கை நீட்டி, பக்கத்திலிருந்த பையை மெல்லக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"டாக்டருக்குப் போன் பண்ணுடா. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடச் சொல்லு."